ஒரு 'வேர்', பல வினைகள்: ஜப்பானிய வகுப்பும் ஜிஎஸ்டி ரோட்டு போர்டுகளும்

ஜப்பானிய மொழி படிக்கிற நம்ம ஆட்களிடம் ஒரு புலம்பலை அடிக்கடி கேட்கலாம். "சட்டைக்கு ஒரு வார்த்தை, செருப்புக்கு ஒரு வார்த்தை, தொப்பிக்கு வேற, கண்ணாடிக்கு வேற. இங்கிலீஷ்ல எல்லாம் ஒரே 'வேர்'தானே, இவங்களுக்கு மட்டும் எதுக்கு இத்தனை?" (மரத்தின் வேர் அல்ல, உடுத்துகிற ஆங்கில 'வேர்'. மேற்குத் தாம்பரம் கடைத்தெருவில் 'மென்ஸ்வேர்' என்று தமிழில் எழுதிய போர்டைப் பார்க்கும்போதெல்லாம் ஆண்களின் வேர் எது என்று யோசிப்பேன். ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இந்த மாதிரி அவஸ்தைகள் உண்டு.)

தாம்பரம் பக்கம் இந்தப் புலம்பல் ஒன்றும் அபூர்வமில்லை. 1984ல் வந்த மெப்ஸ் இங்கேதான் இருக்கு. முடிச்சூர் வழியா மேற்கே போனால் ஒரகடம். 2010ல் அங்கே ரெனோ-நிசான் ஆலை திறந்தது, பக்கத்திலேயே வல்லம் வடகாலில் யமஹா. காலையில் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறவர்களில் சிலர் மடியில் ஜப்பானியப் பாடப்புத்தகம் இருக்கும். ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற நிலையங்கள் வெகு காலமாகச் சொல்லித் தருகின்றன. ஜேஎல்பிடி தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை சென்னையிலேயே நடக்கிறது.

புலம்பலுக்கு வருவோம். என் வாதம் ரொம்பச் சின்னது: 'ஒரே வேர்தானே' என்று ஒரு ஆங்கிலேயர் கேட்கலாம். வீட்டில் தமிழ் பேசுகிறவர் கேட்கக் கூடாது.

முதலில் ஜப்பானியப் பட்டியல். பலரும் படிக்கும் 'மின்னா நோ நிஹோங்கோ' பாடநூலில் 22ஆம் பாடத்தில் இந்த வினைகள் கூட்டமாக வந்து இறங்கும். சட்டை, கோட்டு, கிமோனோ என்று உடம்பின் மேல் பாகத்தை மூடுவது 'கிரு'. கிமோனோ என்ற சொல்லே 'கிரு' செய்கிற 'மோனோ', அதாவது உடுத்தும் பொருள். பேன்ட், பாவாடை, சாக்ஸ், ஷூ என்று காலுக்குள் ஏறுவதெல்லாம் 'ஹகு'. தொப்பி, ஹெல்மெட் 'கபுரு'. மூக்குக் கண்ணாடி 'ககேரு'. இதற்கு வெளியே இன்னும் இருக்கு: மோதிரம், கையுறைக்கு 'ஹமேரு', இடுப்புப் பட்டைக்கும் டைக்கும் 'ஷிமேரு', மஃப்ளருக்கு 'மகு', கொண்டை ஊசிக்கு 'சசு', நகைக்கும் பேட்ஜுக்கும் 'ட்சுகேரு'. எதுவும் தோன்றாவிட்டால் 'சுரு', அதாவது வெறும் 'செய்'. (உச்சரிப்புக்கு: 'கபுரு'வின் பு, பாபுவின் பு. 'ஹகு'வின் கு, குடையின் கு.)

பாடநூலின் மொழிபெயர்ப்புக் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வினைக்கும் எதிரே அதே ஆங்கிலத் தொடர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சட்டை, ஷூ, தொப்பி. படிக்கிறவர் மனதில் என்ன பதியும்? ஒரே செயல், காரணமே இல்லாமல் பல பெயர். அதனால் மனப்பாடம். அதனால் புலம்பல்.

அதே ஆள் வீட்டில் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்க. அம்மா சேலை கட்டுறாங்க. அப்பா வேட்டி கட்டுறார், சட்டை போடுறார். தங்கச்சி பூ வெச்சிருக்கா, பொட்டு வெச்சிருக்கா, கம்மல் போட்டிருக்கா. பாட்டி நெற்றியில் திருநீறு பூசியிருக்காங்க. மாமா சால்வை போர்த்தியிருக்கார், தாடி வெச்சிருக்கார், வாட்ச் கட்டியிருக்கார், சென்ட் அடிச்சிருக்கார். பையன் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, ஐடி கார்டைக் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டுக் கிளம்பிட்டான். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் 'வேர்' ஒன்றே போதும். சேலை, வேட்டி, பூ, பொட்டு, தாடி, சென்ட் எல்லாம் அதற்குள் அடங்கும். இதில் ஒன்றையாவது நாம் யாராவது மனப்பாடம் செய்தோமா? 'பூ கட்டியிருக்கா' என்றால் அவள் பூக்காரி, தலையில் பூ இல்லை என்று மூணு வயசுக் குழந்தைக்கே தெரியும்.

ஆக இரண்டு மொழியும் பிரிக்கின்றன. ஆனால் ஒரே மாதிரி பிரிக்கவில்லை. சுவாரசியமே அங்கேதான்.

ஜப்பானிய மொழி பெரும்பாலும் கேட்பது 'உடம்பில் எங்கே?' என்று. தலைக்கு மேலிருந்து வந்தால் கபுரு, காலில் ஏறினால் ஹகு. ஷூவும் பேன்ட்டும் நமக்கு வேறு வேறு உலகம், அவர்களுக்கு ஒரே வினை. எழுதும்போது மட்டும் இரண்டுக்கும் வேறு வேறு சித்திர எழுத்து. பழைய காலத்தில் இடுப்பில் வாளைக் கட்டுவதும் ஹகுதான். தமிழ் கேட்பது வேறு: 'அது உடம்பில் எப்படி நிற்குது?' சுற்றி முடிந்து நின்றால் கட்டு. தைத்ததை உள்ளே நுழைந்து உடுத்தினால் போடு. சும்மா இருத்தி வைத்தால் வை. கொக்கி மாதிரி பிடித்து நின்றால் மாட்டு. மேலே பரப்பினால் போர்த்து. அதனால்தான் இடுப்புக்குக் கீழே வருகிற வேட்டியும் பேன்ட்டும் நமக்கு இரண்டு வினை, ஜப்பானியருக்குப் பெரும்பாலும் ஒன்று. சேலையை அவர்கள் 'கிரு' என்பார்கள். கட்டுகிற வேலை அந்த வினையில் தெரியாது.

இந்த 'எப்படி' காலப்போக்கில் உறைந்தும் போகும். ஸ்டீல் செயின் வைத்த வாட்ச்சில் கட்டுவதற்கு ஒன்றுமில்லை, கொக்கியை அமுக்கினால் போதும். இருந்தும் வாட்ச் கட்டுகிறோம். வெல்க்ரோ ஒட்டிய வேட்டியையும் கட்டத்தான் செய்கிறோம். கூத்துக்காரர்கள் வேஷம் கட்டுவார்கள், ஏனென்றால் அங்கே நிஜமாகவே கட்டைகளையும் அணிகளையும் உடம்பில் இறுக்கிக் கட்டுகிறார்கள். ஊரை ஏமாற்றுகிறவன் வேஷம் போடுகிறான். இந்த வித்தியாசத்தை எந்த இலக்கண ஆசிரியரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

இரண்டு பட்டியலும் தொடுகிற இடங்கள்தான் படிக்கிறவருக்கு உண்மையில் உதவும். ககேரு என்றால் கண்ணாடி போடுவது மட்டுமில்லை. சுவரில் படம் மாட்டுவதும் ககேருதான். தமிழில் படத்தையும் மாட்டுவோம், கண்ணாடியையும் மாட்டுவோம். அப்போ 'ககேரு = மாட்டு' என்று ஒரு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது. மகு என்றால் சுற்று. சசு என்றால் செருகு. ஷிமேரு என்றால் இறுக்கு. கபுரு என்றால் தலைமேல் கவிழ்த்துக்கொள்வது. தண்ணீரையோ மணலையோ மேலே வாங்கிக்கொள்வதற்கும் அதே வினை, பிறர் செய்த குற்றத்தைத் தன் தலையில் ஏற்பதற்கும் அதே வினை. ஜப்பானில் சாது வேஷம் போடுகிறவரைப் பூனையைக் கபுரு செய்தவர் என்பார்கள். நமக்குப் பசுத்தோல் போர்த்திய புலி. மிருகமும் வினையும் வேறு, நடிப்பு ஒன்றே.

இன்னொரு இடம் இதைவிட முக்கியம். ஆங்கில 'வேர்' ஒரு நிலையைச் சொல்கிறது, உடம்பில் இருக்கிற நிலை. எடுத்து மாட்டுகிற செயலுக்கு அங்கே தனித் தொடர் உண்டு. ஜப்பானியத்தில் கிரு, ஹகு எல்லாம் செயல். நிலையைச் சொல்ல 'கிதே இரு' என்று 'இரு' சேர்க்க வேண்டும். ஆங்கிலம் வழியா வருகிறவர்கள் தடுமாறுகிற இடம் இது. தமிழில்? 'போட்டு இருக்கான்.' 'கட்டி இருக்கா.' செயல் முதலில், அதன்மேல் இரு. அச்சு அசல் அதே கட்டமைப்பு, பாதி விளக்கம் நம்ம வாயிலேயே இருக்கு.

ஒலியும் அப்படியே பொருந்துதே என்று உடனே துள்ள வேண்டாம். ஜப்பானிய 'இரு'வின் பழைய வடிவம் 'விரு', முன்னால் ஒரு வகர ஒலி இருந்தது. பொருள் மட்டும் ஒத்துப்போகிறது. அதுவும் முதலில் 'உட்கார்', நம் இருவுக்கும் 'இருக்கை'யில் அதே பொருள் உண்டு. ஓனோ சுசுமு (1919-2008) என்ற பேராசிரியர் ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பல்லாண்டு வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. கற்பதற்கு உறவு எதுக்கு? ஒற்றுமை போதும்.

ஆங்கில 'வேர்'க்கு இன்னொரு பக்கமும் உண்டு: தேய்தல். டயர் 'வேர்', பிரேக் ஷூ 'வேர்'. உடுத்திக்கொண்டே இருந்தால் துணி நைந்துபோகும் என்பதால் அந்தப் பொருள் கிளைத்தது. ஜப்பானியத்தில் இதற்கும் உடுத்துவதற்கும் ஒட்டே கிடையாது. பேச்சில் 'சுரிஹெரு', ஆலை ஆவணத்தில் 'மமோ'. டயர் தேய்ந்து 1.6 மில்லிமீட்டருக்கு வந்ததைக் காட்டும் சின்ன மேட்டை ஜப்பானில் 'ஸ்லிப் சைன்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயரில் 'வேர்' இருக்கு. ஜப்பானியர் ஆங்கிலத்திலிருந்தே வேறு இரண்டு சொல் எடுத்து, தேய்ந்தால் வழுக்கும் என்ற விளைவைப் பெயராக்கிவிட்டார்கள். நம்ம பஞ்சர் கடைக்காரர் 'டயர் மொட்டை ஆயிடுச்சு' என்பார். இரண்டுமே நல்ல மொழிபெயர்ப்பு, ஏனென்றால் யாரும் மொழிபெயர்க்க முயலவில்லை.

இனி என் உண்மையான குறை. ஜப்பானிய வகுப்பில் தமிழ் மாணவர் தன் ஏழெட்டு வினைகளை மறந்துபோவதற்கு ஆங்கிலம் மட்டும் காரணமில்லை. எழுத்துத் தமிழும் காரணம். அங்கே ஒரே ஒரு வினைதான் இருக்கு: அணி.

ஜிஎஸ்டி ரோட்டில் பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை கண்ணைத் திறந்துகொண்டு போங்க. தலைக்கவசம் அணிவீர். சீட் பெல்ட் அணியவும். 2020ல் எல்லாச் சுவரிலும் முகக்கவசம் அணிவீர். காலணி அணிந்து உள்ளே வராதீர். வேட்டி கட்டி வருகிறவர்களை கிளப்புகள் தடுக்கக் கூடாது என்று 2014ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமே வந்தது. கட்டுவதற்காகவே பிறந்த துணி அது. ஆனால் செய்தித் தமிழில் அதையும் 'அணிந்து' வருகிறார்கள்.

அணி என்பது அழகு செய்வது. அணிகலன், அணிவகுப்பு, அணியிலக்கணம். மாலையும் முத்தும் அணியலாம், கவசத்தையும் கிரீடத்தையும் அணியலாம், கேட்க நன்றாக இருக்கும். ஆங்கில 'வேர்'க்கு மரியாதையான ஒரே சொல் வேண்டும் என்று வந்தபோது இது கையில் கிடைத்தது. அப்புறம் எதற்கும் இதுவே. பழைய தமிழில் சூடு, பூண், புனை, மிலை, உடு, தொடு என்று எத்தனையோ வினைகள் பகிர்ந்து செய்த வேலையை இன்று ஒற்றை ஆள் செய்கிறார். பிரித்துப் பார்ப்பது கொச்சை, ஒரே சொல்லில் அடக்குவது செம்மை என்ற எண்ணம் எப்படி வந்ததோ! நம் பழைய நூல்களைப் பார்த்தால் நிலைமை நேர் எதிர். அங்கே பூவுக்கு ஒரு வினை, துணிக்கு ஒரு வினை.

ஜப்பானிய அதிகாரிகளுக்கும் இதே ஆசை உண்டு. அவர்களிடம் இருப்பது 'ச்சாகுயோ'. சீன எழுத்துகளால் ஆன கனமான சொல், உடுத்துவது அனைத்துக்கும் பொதுவானது. போஸ்டரில் ஹெல்மெட் ச்சாகுயோ, ஸ்டேஷனில் மாஸ்க் ச்சாகுயோ. நம்ம 'அணிவீர்' போலவே விறைப்பானது. வீட்டில் யாரும் குழந்தையிடம் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அவர்களுடைய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திறந்தால் ஒரு ஆச்சரியம். பைக் ஓட்டுகிறவர் ஹெல்மெட்டைக் 'கபுரு' செய்யாமல் ஓட்டக் கூடாது என்றே எழுதியிருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஹெல்மெட் போட முயல வேண்டும் என்று வந்த விதியிலும் அதே கபுரு. வீட்டு வாசலில் அம்மா சொல்கிற வினை. சீட் பெல்ட்டுக்கு அதே சட்டம் கபுருவும் சொல்லவில்லை, ச்சாகுயோவும் சொல்லவில்லை. கருவியைப் பொருத்துவதற்கான 'சோச்சாகு' என்ற வேறு சொல்லை வைத்திருக்கிறது. போஸ்டர் விறைப்பாக இருக்கு, சட்டம் சரியாக இருக்கு. சட்டமொழி என்றாலே வாய்மொழியிலிருந்து தூரமாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நம் பக்கம் மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 129. ஆங்கிலத்தில் அதன் வினை 'வேர்'. அந்த வினை போதாது என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. கீழே ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள்: பாதுகாப்புத் தலைக்கவசம் என்றால், வாரினாலோ மற்ற பிணைப்பினாலோ தலையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். அதாவது வார் போடாத ஹெல்மெட் சட்டப்படி ஹெல்மெட்டே இல்லை. அதே பிரிவில் தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு விலக்கு உண்டு. ஆங்கிலத்தில் தலைப்பாகைக்கும் அதே 'வேர்'. தமிழில் அது கட்டு, ஜப்பானியத்தில் மகு.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கண்டிப்பு வந்தது. அதற்கப்புறம் எத்தனை போர்டு! அந்த விளக்கத்தில் இருக்கிற வார், போர்டில் இருக்கா? பெரும்பாலும் இல்லை. 'அணி'க்குள் அது மறைந்துபோகிறது. பெருங்களத்தூர் சிக்னலில் பத்து நிமிஷம் நின்றால் தலையில் ஹெல்மெட்டும் காற்றில் ஆடும் வாருமாக எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணலாம். அவர்கள் அணிந்துதான் இருக்கிறார்கள். முழங்கையில் கோத்துக்கொண்டு போகிறவரைக்கூட 'அணி' என்ற வினை முழுசாக மறுக்காது. வளையலையும் கையில்தானே அணிகிறோம்?

சரி, 'ஹெல்மெட் போடுங்க' என்று எழுதினால் தீர்ந்துவிடுமா? மறுப்புகளுக்கும் வலு உண்டு. போடு என்பது தமிழின் சுரு. ஓட்டுப் போடு, சண்டை போடு, கீழே போடு, ஆளையே போட்டுட்டான். அதனால் போர்டு எழுதுகிறவர் அதைக் கண்டு கூச்சப்படுகிறார். மாட்டு என்று எழுதினால் இன்னும் வேடிக்கை. 'ஹெல்மெட்டை மாட்டிட்டு வா' என்றால் தலையிலா, கண்ணாடிக் கம்பியிலா? நம்ம ஊரில் இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. பேசும்போது சூழல் காப்பாற்றும், போர்டுக்குச் சூழல் கிடையாது. இது நியாயமான கவலை. ஆனால் இதற்குப் பதில் இன்னொரு பொதுச் சொல்லுக்கு ஓடுவதல்ல, பக்கத்தில் ஒரு வினை சேர்ப்பது. 'தலையில போடு, வாரை மாட்டு.' நாலே சொல், இரண்டு செயல், சட்ட விளக்கம் முழுக்க உள்ளே வந்துவிட்டது. 'தலைக்கவசம் உயிர்க்கவசம்' என்ற வாசகம் எனக்குப் பிடிப்பதற்குக்கூடக் காரணம், அதில் வினையே இல்லை, தப்புப் பண்ண வாய்ப்பில்லை.

ரோட்டை விட ஆலைக்குள் இது அதிகம் உறுத்துகிறது. ஒரகடம் பக்கம் ஆலைகளில் அறிவிப்புகள் ஆங்கிலம், தமிழ், இப்போது இந்தி என்று மூன்று மொழியிலும் இருக்கும். இந்தியின் 'பஹன்னா' சட்டை, ஷூ, ஹெல்மெட் எல்லாவற்றுக்கும் ஓரளவு ஒத்துப்போகும், அதனால் ஆங்கிலத்திலிருந்து இந்திக்குப் போகிறவருக்கு இங்கே பெரிய சிக்கல் இல்லை. தமிழுக்கு வருகிறவர் ஒரே 'அணி'யை எல்லாப் படத்தின் கீழும் எழுதிவிடுகிறார்: கண்ணாடி அணி, கையுறை அணி, காதடைப்பான் அணி, பெல்ட் அணி. காதடைப்பானைச் செருக வேண்டும், உள்ளே போய் அடைக்க வேண்டும். காதோரம் ஒட்டிக்கொண்டு நிற்பதும் அணிதான், ஆனால் சத்தம் குறையாது.

பெல்ட் விஷயம் இன்னும் கடுமை. உயரத்தில் வேலை செய்கிறவர் உடம்பில் மாட்டுகிற பாதுகாப்பு வார்தொகுதியைச் சொல்கிறேன், இங்கே எல்லாரும் 'பெல்ட்' என்றே சொல்வார்கள். அதை உடம்பில் போட்டால் மட்டும் எதுவும் நடக்காது. கொக்கி உறுதியான கம்பியில் இருந்தால்தான் ஆள் விழாமல் தொங்குவார். ஜப்பானின் தொழில் பாதுகாப்பு விதிகள் 1972ல் வந்தவை. அவற்றில் ஹெல்மெட்டுக்கு ச்சாகுயோ என்று இருக்கு, அதாவது உடுத்த வைக்க வேண்டும். உயர வேலை பெல்ட்டுக்கு அந்தச் சொல் இல்லை. அங்கே 'ஷியோ', பயன்படுத்து. போட்டுக்கொண்டு கொக்கியை மாட்டாமல் நிற்பவர் அதைப் பயன்படுத்தவில்லை. 2019 பிப்ரவரியில் கருவியின் பெயரையே மாற்றினார்கள். 'பாதுகாப்புப் பட்டை' என்று இருந்தது 'விழுவதை நிறுத்தும் கருவி' என்று ஆனது. இடுப்பில் கட்டுவது என்ற நினைப்பு போய், விழுகிறவரைத் தடுப்பது என்ற வேலை பெயரிலேயே வந்துவிட்டது. வாயில் நுழையாத நீளம், சைட்டில் இன்னும் பழைய பெயரைச் சொல்கிறவர்கள் உண்டு. இருந்தாலும் எதற்காக மாற்றினார்கள் என்பது புரிகிறது.

தாம்பரம் பக்கம் கட்டுமான சைட்டில் மேஸ்திரிகள் கேட்கிற கேள்வியும் கிட்டத்தட்ட அதேதான். அங்கே யாரும் 'அணிந்தாயா' என்று கேட்பதில்லை. முதலில், "பெல்ட் போட்டியா?" "போட்டேண்ணே." உடனே அடுத்தது, "கொக்கிய எங்கடா மாட்டியிருக்க?"